பாலடோன் ஏரிக்கரையில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மே மாதக் கடைசியில் அம்மாவை ஹங்கேரியில் உள்ள ஹேவிஸ் ஊருக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வியன்னாவில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, மூட்டுவலிக்காரர்கள் போகிற வெந்நீர் ஏரி பக்கத்து நாட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றியது.

ஹேவிஸ் ஏரியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. 4 ஹெக்டேருக்கும் மேலான பரப்பு. அடியில் ஊற்று பொங்கிக்கொண்டே இருப்பதால் மூன்று நாலு நாளில் மொத்தத் தண்ணீரும் மாறிவிடும். லேசான கந்தக வாடை. ஆழம் அதிகம் என்பதால் எல்லாரும் மிதவை வளையத்தைப் போட்டுக்கொண்டு சும்மா மிதக்கிறார்கள். நடுவே சிவப்பு அல்லி பூத்துக் கிடந்தது. அது இந்தியாவிலிருந்து கொண்டுவந்து வளர்த்த வகை என்று சொன்னதும் அம்மா பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். ஹேவிஸில் ரயில் கிடையாது. பஸ் பிடித்துக் கெஸ்ட்ஹேய் போய், ஃபெஸ்டெடிச் மாளிகையைப் பார்த்துவிட்டு, பாலடோன் என்கிற பெரிய ஏரியின் கரையோரமாகப் போகிற ரயிலில் ஏறினோம். வழியில் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். மதியம் இரண்டு மணி, அம்மாவுக்கு நல்ல பசி. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு மீன் உணவகம் இருந்தது, உட்கார்ந்தோம்.

எங்களிடம் ஆங்கில மெனு கொடுத்தார்கள். ஃபோகாஷ் என்கிற ஏரி மீன், முழுசாகப் பொரித்தது, 2,400 ஃபோரிண்ட் (ஹங்கேரிப் பணம்) என்று போட்டிருந்தது. ஆறு யூரோ சொச்சம். கிராமத்து விலை போல என்று நினைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய மீனாகக் கேட்டேன். பரிமாறுகிறவர் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டுப் போனார். மீன் நன்றாகத்தான் இருந்தது, முள் குறைவு, மொறுமொறுப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பில் 31,694 ஃபோரிண்ட். மீன் மட்டும் 20,160!

கேட்டதற்கு அவர் சுவரில் மாட்டியிருந்த ஹங்கேரிய மெனுவைக் காட்டினார். அதில் 2,400-க்குப் பக்கத்தில் ‘10 டெக்கா’ என்று இருந்தது. டெக்கா என்றால் பத்து கிராம். அதாவது அது 100 கிராமுக்கான விலை. எங்கள் மீன் 84 டெக்காவாம். வியன்னா கடைகளிலும் டெக்கா கணக்குதான். நானே தினமும் பத்து டெக்கா சீஸ் என்று கேட்டு வாங்குகிறவள். எழுதியிருந்தால் எனக்குப் புரியாமல் போயிருக்காது. வெளியூர்க்காரர் கையில் கொடுக்கிற அட்டையில் மட்டும் அந்த ஒரு சொல் இல்லை. பொரிப்பதற்கு முன்னால் மீனை எடை போட்டுக் காட்டவும் இல்லை. இது மறதியால் வந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பில்லின் கடைசியில் ‘செர்விஸ்தீய்’ என்று 15 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு.

அம்மா பயந்துவிட்டார். “விடும்மா, கொடுத்துட்டுப் போயிடலாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று கார்டை நீட்டினேன். மெஷினில் ஃபோரிண்டா யூரோவா என்று கேட்டது. நான் படிப்பதற்குள் அவரே யூரோவை அழுத்திவிட்டார். ரசீதில் ஒரு யூரோவுக்கு 345 ஃபோரிண்ட் என்று இருந்தது. அது மெஷின் போட்ட மாற்று விகிதம். ஃபோரிண்டை அழுத்தி, அன்றைக்கு என் வங்கி மாற்றியிருந்தால் 390 கிடைத்திருக்கும். அதில் பத்து யூரோவுக்கு மேல் போயிற்று. வங்கியில் புகார் கொடுத்தேன். யூரோவை நீங்கள்தான் தேர்ந்தெடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்துவிட்டது.

அங்கே போகிறவர்கள் மீன் சொல்வதற்கு முன் “விலை 10 டெக்காவுக்கா, முழு மீனுக்கா?” என்று கேளுங்கள். எடையைக் காட்டச் சொல்லுங்கள். கார்டு மெஷினை உங்கள் கையில் வாங்கி ஃபோரிண்டை நீங்களே அழுத்துங்கள். சேவைக் கட்டணம் பில்லில் இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டாம். இன்னொன்று, அங்கே கடைகளில் ‘வாஷார்லோக் கோன்வே’ என்று வாடிக்கையாளர் புகார் நோட்டு வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கி எழுதலாம், எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லை என்று நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாள் ராத்திரிதான் சொன்னார். மத்தியானமே தெரிந்திருந்தால் எழுதாமல் வந்திருக்க மாட்டேன்.

மறுநாள் கெஸ்ட்ஹேய் கரையில் ஒரு பெட்டிக்கடையில் ‘ஹெக்’ வாங்கினோம். அது ஏரி மீன் இல்லை, உறைய வைத்து வருகிற கடல் மீன். அதுவும் எடைக்குத்தான் விலை. அம்மா மீன் வேண்டவே வேண்டாம் என்றார். கடைக்காரப் பெண் தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, 32 டெக்கா என்று காகிதத்தில் எழுதி, பக்கத்தில் தொகையையும் எழுதிக் காட்டினார். அம்மா அதைப் பார்த்த பிறகுதான் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.