கடற்படையிலிருந்து அரசு வேலைக்கு: சாட்ஸ்வர்த்தில் ஒரு விண்ணப்பக் கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரித் தீவுக் கடற்படைத் தளத்தில் ஒப்பந்தம் முடிந்து வெளியேறும் என் தம்பிக்கு அரசு எழுத்தர் பணி தேடுவதற்காக, டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் நகலெடுப்பதோடு விண்ணப்பமும் நிரப்பித் தரும் ஒரு சிறு கடைக்குச் சென்றிருந்தோம்.

அரசுப் பணிக்குரிய இசட் 83 படிவம் 2021 ஜனவரி முதல் புதிய வடிவில் இருப்பதால், தம்பி கையில் வைத்திருந்த பழைய படிவத்தைக் கடைக்கார அம்மா பார்த்தவுடனே ஒதுக்கிவிட்டார். அவருடைய உண்மையான திறமை தன்விவரக் குறிப்பில்தான் தெரிந்தது. 'கிடங்குப் பொறுப்பு' என்று தம்பி ஒற்றை வரியில் முடித்திருந்ததை, கேள்விமேல் கேள்வி கேட்டு, இருப்புக் கணக்கு, கொள்முதல் பதிவு, ஆறு பேரை மேற்பார்வையிட்டது என்று படைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் புரியும்படி பிரித்து எழுதினார். இதற்கே கொடுத்த பணம் தகும்.

குறையும் உண்டு. நேர்காணலுக்குத் தேர்வானவர்களிடம் மட்டுமே சான்றிதழ்களின் சான்றொப்பமிட்ட நகல்களைக் கேட்கும் நடைமுறை வந்துவிட்ட பிறகும், அவற்றை இப்போதே எடுத்தாக வேண்டும் என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கினார்கள். காவல் நிலையத்தில் சான்றொப்பம் இலவசம் என்பதையும் சொல்லவில்லை. மேலும், இரண்டு பணியிடங்களின் குறிப்பு எண்கள் இடம் மாறியிருந்ததை அன்றிரவு சாப்பாட்டு மேசையில்தான் கவனித்தோம். மறுநாள் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள்.

விண்ணப்பிக்கும் இறுதி நாளுக்கு முந்தைய மாலையில் அங்கே போகாதீர்கள்; வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.