பிரமிடா, பெட்ராவா?

பாளையங்கோட்டையில் தம்பியும் நானும் சிவிலைசேஷன் 6 என்ற, நகரங்களை எழுப்பி நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டை ஆட உட்கார்ந்தால், எந்த அதிசயத்தைக் கட்டுவது என்ற இதுதான் முதல் வாக்குவாதமே. இரண்டையும் குன்றில்லாத பாலைவனக் கட்டத்தில்தான் எழுப்ப முடியும். விளையாட்டின் சாதாரண வேகத்தில் பிரமிடு கட்ட 220 உற்பத்திப் புள்ளி ஆகும், பெட்ராவுக்கு 400.

பிரமிடு முடிந்ததும் ஒரு பில்டர், அதாவது வயல், சுரங்கம் அமைக்கும் வேலையாள், இலவசம். அப்புறம் வருகிற ஒவ்வொரு பில்டரும் மூன்று வேலைக்குப் பதில் நான்கு செய்வார். பலன் எல்லா ஊருக்கும் போகும்.

பெட்ரா, அது நிற்கும் நகரத்துக்கு மட்டும்தான். ஆனால் திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரிச் சும்மா கிடந்த மணல் கட்டம் ஒவ்வொன்றிலும் உணவு 2, தங்கம் 2, உற்பத்தி 1 கூடும். அந்த மணலில் ஐந்தாறு குன்றும் இருந்துவிட்டால், சுரங்கம் தோண்டத் தோண்ட அந்த நகரம் தலைநகரையே முந்தும்.

குன்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரா. இல்லையா, சரி, பிரமிடுதான். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.