ஃபூஜி மலையில் ‘ஒரே நாள் ஏற்றம்’: முன்பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

ஜப்பானின் ஃபூஜி மலையுச்சிக்கு ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவிடுவதாகக் கூறிய ஒரு பயண முகவரிடம் 2025 ஆகஸ்டில் நானும் நண்பர்களும் ஏமாந்தோம். நண்பகலில் டோக்கியோவிலிருந்து புறப்பாடு, இரவெல்லாம் ஏற்றம், உச்சியில் சூரியோதயம், காலை பத்து மணிக்குத் திரும்பும் பேருந்து என்பதே வாட்ஸ்ஆப்பில் வந்த நிரல். வழிகாட்டி, நுழைவுக் கட்டணம், வாடகைக் காலணி, தலைவிளக்கு அனைத்தும் அதில் அடக்கம் என்றார்கள்.

இந்த நிரல் நடக்கவே முடியாதது. பெரும்பாலோர் ஏறும் யோஷிதா பாதை ஏறத்தாழ 2300 மீட்டர் உயரத்தில், பேருந்து செல்லும் கடைசி இடமான ஐந்தாம் நிலையத்தில் தொடங்குகிறது; உச்சி 3776 மீட்டர். அந்தப் பாதையின் வாயிலைப் பிற்பகல் 2 மணிக்கு மூடிவிட்டு, மறுநாள் அதிகாலை 3 மணிவரை, மலை விடுதியில் முன்பதிவு செய்தவர்களைத் தவிர வேறு எவரையும் உள்ளே விடுவதில்லை. ஓய்வின்றி இரவோடு இரவாக ஏறிக் குளிரிலும், உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோயிலும் சிக்குபவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. 2024இல் அது வந்தபோது மூடும் நேரம் மாலை 4 மணி, கட்டணம் 2000 யென். மறு ஆண்டே 2 மணி, 4000 யென் என்றாயிற்று. இதே தொழிலில் இருக்கும் முகவருக்கு இது தெரியாது என்றால் நம்புவதற்கில்லை.

எங்கள் பேருந்து ஐந்தாம் நிலையத்தை அடைந்தபோது மணி நான்கை நெருங்கியிருந்தது. எங்கள் பெயரில் விடுதி முன்பதிவு எதுவும் இல்லை. வழிகாட்டி என்று வந்தவர் கொடி பிடித்து ஆட்களை எண்ணுபவர் மட்டுமே. வாயிலைத் தாண்டுவது தம் வேலையல்ல என்று சொல்லிவிட்டு, அதிகாலை 3 மணிக்கு நாங்களாகவே ஏறலாம் என்று யோசனையும் கூறினார். ஏற ஆறு மணி நேரமும் இறங்க மூன்று, நான்கு மணி நேரமும் பிடிக்கும் மலையில், அப்படிப் போகிறவருக்குச் சூரியோதயமும் கிடைக்காது, பத்து மணிப் பேருந்தும் கிடைக்காது.

வாடகைப் பையைத் திறந்து பார்த்தோம். தலைவிளக்கின் மின்கல முனைகளில் பச்சை பூத்திருந்தது. எனக்குக் கொடுத்த காலணியின் அடிப்பாகம் முன்பக்கம் வாய்பிளந்து கிடந்தது. ஆகஸ்டிலும் உச்சியின் சராசரி வெப்பநிலை 6 டிகிரி அளவே இருக்கும் மலைக்கு, மெல்லிய நெகிழி மழைச்சட்டை ஒன்றுதான் தந்திருந்தார்கள். வாயில் மூடியிருந்ததே நல்லதாயிற்று என்றுகூடத் தோன்றியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதின் சூட்சுமம் விளங்கியது. அதில் ‘ஐந்தாம் நிலையச் சுற்றுலா’ என்று மட்டுமே இருந்தது; உச்சி என்ற பேச்சே இல்லை. சொன்ன இடத்துக்குப் பேருந்து வந்ததல்லவா என்பதே முகவரின் பதில். கட்டாத நுழைவுக் கட்டணத்தைக்கூட அவர் திருப்பித் தரவில்லை.

இரவு ஏற்றம் என்று யார் சொன்னாலும், விடுதியின் பெயர், உங்கள் பெயரிலான முன்பதிவு, வாயிலுக்கான கியூஆர் குறியீடு ஆகியவற்றைப் பணம் கட்டுமுன் கேட்டு வாங்குங்கள். ஒரே நாளில்தான் ஏறவேண்டும் என்றால், முந்தைய இரவு மலையடிவாரத்திலுள்ள கவாகுச்சிகோ பக்கம் தங்கி, காலை முதல் பேருந்தில் ஐந்தாம் நிலையம் செல்லுங்கள். அதுவும் மலையேறிப் பழகிய உடம்புக்கே சரிவரும்.

கடன் அட்டையில் செலுத்தியவர்கள் வாட்ஸ்ஆப் நிரலையும் ரசீதையும் இணைத்து வங்கியில் முறையிட்டிருக்கிறோம். முகவரின் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய நண்பர்களுக்கு அந்த வழியும் இல்லை.