பழைய பார்க்கர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

3,600 டாலர். முழுசாகப் போய்விட்டது. இன்று மதியம்தான் நான் துப்பாக்கி வாங்கிய ஏலத் தளத்திலிருந்து "உங்கள் புகாரை முடித்து வைத்துவிட்டோம்" என்று மின்னஞ்சல் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே அமெரிக்காவில் நம்மவர்கள் சிலர் கிளே சுடுதல் (பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது), ஃபெசன்ட் பறவை வேட்டை என்று இறங்கி, அப்புறம் நூறு வருடத்துப் பழைய இரட்டைக் குழல்கள்மேல் ஆசைப்படுவதைப் பார்க்கிறேன். என்னை ஏமாற்றி விற்ற ஆள் அடுத்து உங்களிடம்தான் வருவார்.

யார், எந்தத் தளம் என்று பெயர் போடவில்லை. துப்பாக்கிகளை இணையத்தில் ஏலம் விடும் ஒரு தளம். அதில் பழைய ஷாட்கன்களில் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் வேட்டைத் துப்பாக்கி) நிபுணர் என்று கடை விரித்திருக்கும் ஒரு வியாபாரி.

நான் தேடியது பார்க்கர் ஜிஎச் என்ற மாடல், 16 கேஜ் (குழல் வாயின் அளவு). கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் பார்க்கர் பிரதர்ஸ் செய்தவை இவை. 1934-இல் கம்பெனி ரெமிங்டன் கைக்குப் போனது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு உற்பத்தி நின்றது. மொத்தமே ஏறத்தாழ 2,42,000 துப்பாக்கிகள்தான். அந்தக் கால அமெரிக்க இரட்டைக் குழல்களில் ஃபாக்ஸ், எல்.சி. ஸ்மித், லெஃபீவர், இதாகா என்று ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் பார்க்கரில் வால்நட் கட்டையும் இரும்பும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், அப்புறம் வேறொன்றில் மனம் போகாது. ஜி என்பது நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள தரம். பறவைகளும் சுருள் கொடிகளுமாக அளவான செதுக்கு வேலை இருக்கும். தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருந்தால் ஒரு விலை, யாரோ மெருகேற்றியிருந்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. மோசடிக்கு இடம் கிடைப்பதே அந்த வித்தியாசத்தில்தான்.

விளம்பரத்தில் "26 அங்குலக் குழல், அசல் நிறம், இறுக்கமான பூட்டு" என்று இருந்தது. போன் பண்ணினேன். மனிதர் ஒரு மணி நேரம் பேசினார். அவசரமே இல்லை. தாத்தா மெய்ன் மாநிலக் காடுகளில் க்ரவுஸ் பறவை சுட்ட துப்பாக்கி என்றார். டாப் லீவர், அதாவது துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோல், மூடிய பிறகு நடுக்கோட்டுக்கு வலப்பக்கமே நிற்கிறதா என்று கேட்டேன், பூட்டு தேயவில்லை என்பதற்கு அது அடையாளம். கேட்ட உடனே போட்டோ அனுப்பினார், வலப்பக்கம்தான் நின்றது. வரிசை எண் குழல், சட்டம் (குழல் வந்து பூட்டும் இரும்பு உடல்), முன்கட்டை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) மூன்றிலும் ஒன்றுதானா என்றேன். அதற்கும் போட்டோ வந்தது. "என் சொந்தத் தம்பிக்குக் கொடுப்பது போலத்தான் உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்றார். அந்த வாக்கியம்தான் இன்றைக்கும் காதில் நிற்கிறது. கிரெடிட் கார்டு வேண்டாம், கமிஷன் போய்விடும், வங்கிக் காசோலை அனுப்புங்கள் என்றார். அனுப்பினேன், 3,600 டாலர்.

சட்டப்படி துப்பாக்கி என் ஊர் லைசென்ஸ் டீலரிடம்தான் வந்து சேரும். சனிக்கிழமை மாலை வந்தது. ஞாயிறும் திங்களும் அவர் கடை விடுமுறை. இதை நினைவில் வையுங்கள்.

கையில் வாங்கியதும் கண்ணில் பட்டது அந்த நிறம். சட்டத்தின்மேல் நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளுமாக, நேற்றுச் செய்தது போல. எலும்புக் கரியில் சூடேற்றித் தண்ணீரில் முக்கும்போது வரும் அசல் நிறம், கை படும் இடங்களில் முதலில் மங்கும். டாப் லீவருக்கு அடியிலும் முன்கட்டை மூடும் இடத்திலும்தான் மிஞ்சும். இதில் எல்லா இடத்திலும் ஒரே பளபளப்பு. ஆனால் செதுக்கியிருந்த பறவையின் இறகுக் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று கிடந்தன. கோடு தேய்ந்து நிறம் மட்டும் புதிதாக எப்படி இருக்கும்? பாலிஷ் போட்டுவிட்டு மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள்.

நேரே துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு பழைய கன்ஸ்மித்திடம் கொண்டு போனேன். வயதானவர், இரட்டைக் குழல் வேலையே வாழ்க்கையாக இருந்தவர். குழலைக் கழற்றி, கொக்கியில் விரல் கொடுத்துத் தொங்கவிட்டு, மரத்துண்டால் ஒரு தட்டு தட்டினார். நல்ல குழல் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். இது விரிசல் விட்ட சட்டியைத் தட்டினாற்போல 'டொக்' என்றது. ரிப், அதாவது இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் இரும்புப் பட்டை, அதன் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார், வெள்ளையாகப் பொடி கசிந்திருந்தது.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. இரண்டு குழல்களையும் ரிப்போடு இணைப்பது ஈயப் பற்றவைப்பு. அதனால்தான் அந்தக் காலத்தில் மெதுவாகத் துருவை ஏற்றி ஏற்றித் துடைக்கும் ரஸ்ட் ப்ளூ முறையில் கறுப்பாக்கினார்கள். இந்தப் பாவிகள் கொதிக்கும் காரத் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள். காரம் ஈயத்தை அரித்துவிடும், ரிப்புக்குள் தங்கிய உப்பு உள்ளிருந்தே துருவைக் கிளப்பும். மெரிடனில் ஒரு கைவேலைக்காரன் பார்த்துப் பார்த்துச் செய்ததை ஒரு மத்தியானத்தில் நாசம் பண்ணிவிட்டார்கள்.

அதோடும் முடியவில்லை. குழல் முனையில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய நிரப்பு இரும்பு இல்லை, வெறும் ஈயம் ஊற்றி அரத்தால் ராவியிருந்தது. அளந்தால் இரண்டு குழலிலும் சோக் (குண்டுகள் அதிகம் சிதறாமல் இருக்க முனையில் வைக்கும் சுருக்கம்) இல்லை. முனையின் கடைசி சில அங்குலத்தில்தான் சோக் இருக்கும், வெட்டினால் அது போய்விடும். பார்க்கர் சேகரிப்போர் சங்கத்துக்கு வரிசை எண்ணை எழுதிப் போட்டேன், மிஞ்சியிருக்கும் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் தருவார்கள். வந்த கடிதத்தில் குழல் 28 அங்குலம் என்று இருக்கிறது, அதாவது இரண்டு அங்குலத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரையும் இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவுக்காக நீட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் குழலின் கனம் குறைந்துவிட்டது, சுடாதீர்கள் என்று கன்ஸ்மித் எழுதியே கொடுத்தார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். தம்பி என்றவர் எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: பரிசோதனைக் காலம் மூன்று நாள், டீலர் கையில் சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கு, முடிந்துவிட்டது. கடை மூடியிருந்ததே என்றேன். அது என் பொறுப்பு இல்லை என்றார். கன்ஸ்மித் அறிக்கையை அனுப்பினேன். வெளியாள் கழற்றிப் பார்த்ததால் திரும்ப எடுக்க முடியாதாம்! சங்கத்தின் கடிதத்தை அனுப்பினேன். "26 என்றுதானே விளம்பரத்தில் போட்டேன், 28 என்று சொன்னேனா?" என்று கேட்டார். இதைவிடத் திமிர் உண்டா? அசல் நிறம் என்றீர்களே என்றதற்கு, "என் கண்ணுக்கு அசலாகத் தெரிந்தது" என்று ஒரு வரி. கடைசியில் 200 டாலர் தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்றார். 3,600 வாங்கிக்கொண்டு 200.

தளம் இன்னும் மோசம். "நாங்கள் இடம் மட்டுமே தருகிறோம், பேரம் உங்கள் இருவருக்கும் இடையில்" என்று ஒரே பத்தியை வெவ்வேறு பெயரில் மூன்று பேர் அனுப்பினார்கள். அவர் கணக்கில் இன்றைக்கும் நல்ல மதிப்பெண்தான் மின்னுகிறது. நான் எழுதிய விமர்சனத்தை "ஆய்வில் உள்ளது" என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் நிற்கவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பணம் அனுப்பும் முன்பே வரிசை எண்ணை வாங்கிச் சங்கத்தின் கடிதத்தைப் பெறுங்கள். குழல் முனையை நேரே பார்த்து எடுத்த போட்டோ கேளுங்கள், தட்டும் சத்தத்தை வீடியோவாகக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். திருகுகளின் பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். கட்டை இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பரிசோதனைக் காலம் நீங்கள் கையில் வாங்கிய பிறகே தொடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள். ரிப் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் விலையே பேசாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கான நுகர்வோர் புகார் படிவம் பாதியில் கிடக்கிறது, அதை முடிக்கப் போகிறேன்.