ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்று: தண்டையார்பேட்டைக் கடை ஒன்றின் கைவேலை

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிற தெரு ஒன்றின் முனையில் பெயர்ப்பலகை இல்லாத சிறிய ஹெல்மெட் கடை ஒன்று இருக்கிறது. புதிய ஹெல்மெட் விற்பதைவிடப் பழையதைச் சரிசெய்து கொடுப்பதே அங்கே முதன்மையான வேலை. கீறல் விழுந்த வைசரை, அதாவது முகத்துக்கு முன்னால் மூடித் திறக்கிற கண்ணாடியை, மாற்றுவது, பிடிக்காத லாக்கை மாற்றுவது, நைந்த பஞ்சை எடுத்துவிட்டுப் புதிது வைப்பது ஆகியவற்றோடு, காற்று இரைச்சல் தாங்க முடியவில்லை என்று வருகிறவர்களுக்கும் அங்கே பொறுமையாக வழி சொல்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் நான் போனது அதற்காகத்தான். அன்று செய்துகொண்ட வேலையோடு மூன்று மாதம் நாள்தோறும் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. வீட்டிலிருந்து மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம், கவரைப்பேட்டை என்று ஒரு வழிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். செங்குன்றம் வரை லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற வண்டி, அதற்கு மேல் கொல்கத்தா நெடுஞ்சாலையில் 70, 80 என்று ஓடும். காதுக்குத் தொல்லை தருவது அந்த முப்பது கிலோமீட்டர்தான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் காதுக்குள் ‘கொய்ங்’ என்ற ஒலி அரை மணி நேரம் நிற்கும். தொலைக்காட்சிச் சத்தத்தை நான் ஏற்றுவதும் என் மனைவி குறைப்பதுமாகப் பல மாதங்கள் போன பிறகே, இது வெறும் களைப்பு இல்லை என்று எனக்கு உறைத்தது.

பல பத்தாண்டுகளாக என்ஃபீல்டு வண்டிகள் செய்யப்பட்ட திருவொற்றியூருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சைலன்சர் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால் ஹெல்மெட்டுக்குள் கேட்கிற காற்றைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. உண்மையில், வேகம் அறுபது எழுபதைத் தாண்டிவிட்டால் ஓட்டுகிறவர் காதில் எஞ்சின் ஒலியைவிடக் காற்றின் ஒலியே மேலோங்கி நிற்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்கு உள்ளே அது 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 100 டெசிபலை ஒட்டிப் போய்விடும். அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நியாஷ், 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கணக்கில் 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். எங்கள் ஆலையில் அழுத்த இயந்திரங்கள் இருக்கிற பகுதிக்குள் காதடைப்பான் இல்லாமல் நுழைந்தால் மேற்பார்வையாளர் வெளியே அனுப்பிவிடுவார். அதே காதுகளை எந்தக் காப்பும் இல்லாமல் அத்தனை இரைச்சலுக்குள் காலையும் மாலையும் நானே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். உள்காதில் ஒலியை உணர்கிற நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை.

கடைக்காரர் அறுபது வயதை நெருங்குகிறவர். அந்தத் தெருவில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். நான் ஹெல்மெட்டை நீட்டியதும் அதைக் கையில் வாங்காமல், போட்டுக்கொள்ளச் சொன்னார். தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினார். என் தலை அசையவில்லை, ஹெல்மெட் மட்டும் திரும்பியது. பிறகு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே சுற்றிப் பிடித்து அளந்தார், 57 சென்டிமீட்டர். என் ஹெல்மெட்டோ 60-க்கு உரியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரிய கடையில் அதை வாங்கியபோது, சின்ன அளவு கன்னத்தை இறுக்குகிறது என்று நான் சொன்னதும், விற்பனையாளர் ஒரு வார்த்தையும் மறுக்காமல் பெரிய அளவை எடுத்துக் கொடுத்துவிட்டார். புதிய பஞ்சு முதலில் இறுக்கத்தான் செய்யும், சில வாரங்களில் அமுங்கி முகத்துக்குப் பொருந்திவிடும் என்று அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்ததாகப் பாய் கேட்ட கேள்விதான் அவர் வேலையில் எனக்கு நம்பிக்கை வரச் செய்தது. “விசில் மாதிரி சத்தம் காலையில வருதா, சாயங்காலம் வருதா?” என்றார். யோசித்துப் பார்த்தேன். உறுமல் இரு வேளையும் உண்டு. விசில் மட்டும் மாலையில்தான், அதுவும் இடது காதில்தான், காரனோடைப் பாலத்தின் மேல் வரும்போது மிகவும் அதிகம். கோடையில் கடற்காற்று நண்பகலுக்கு மேல்தான் கிழக்கிலிருந்து எழுகிறது. மாலையில் தெற்கு நோக்கி வீடு திரும்புகிறவனுக்குக் கிழக்கு இடப்பக்கம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து, வைசரின் வலது ஓரத்தில் ரப்பருக்கும் வைசருக்கும் இடையே வைத்து மூடி, மெல்ல இழுத்தார். டிக்கெட் வரவில்லை. அதையே நடுவில் வைத்து இழுத்தார். சற்று அழுத்தத்தோடு வந்தது. இடது ஓரத்தில் வைத்தபோது அது இழுக்காமலே நழுவிக் கீழே விழுந்தது. வைசரை ஓட்டோடு பிணைக்கிற பிளாஸ்டிக் தட்டின் திருகு தளர்ந்து, வைசர் ஒரு நூல் அளவுக்கு வெளியே தள்ளி நின்றிருக்கிறது. குழல் ஊதுவது போன்ற அந்த விசிலுக்கு அந்த ஒரு நூல் இடைவெளி போதுமானதாக இருந்திருக்கிறது.

உறுமலுக்குக் காரணம் வேறு. அது பெரும்பாலும் கீழேயிருந்து, தாடைக்கும் கழுத்துக்கும் இடையே திறந்து கிடக்கிற வாய் வழியாக வருகிறது. ஹெல்மெட்டின் விளிம்பில் மோதிச் சிதறுகிற காற்று அங்கே சுழன்று உள்ளே அதிர்கிறது. உள்ளே இருக்கிற தெர்மாகோலும் பஞ்சும் கீச்சென்ற ஒலியை ஓரளவு தடுக்கும். இந்தக் கனத்த தாழ்ந்த ஒலியை அவற்றால் தடுக்க முடிவதில்லை. இதைச் சரிசெய்யப் பாய் உடனே எதையும் விற்கவில்லை. “தம்பி, முதல்ல ஒரு பருத்தித் துண்டைக் கழுத்துல சுத்தி, முனையைச் சட்டைக்குள்ள சொருகிட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க. சத்தம் குறைஞ்சுதுன்னா அப்புறம் வாங்க, வேலை செய்யலாம்” என்று சொல்லி, திருகை மட்டும் இறுக்கி, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். முனையைச் சட்டைக்குள் விடச் சொன்னது முக்கியமானது. காற்றில் பறக்கிற துண்டு சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கிக்கொள்ளும். துண்டைச் சுற்றிக்கொண்டு போன முதல் நாளே, செங்குன்றம் தாண்டி வேகம் எடுத்தபோது, காதருகே படபடவென்று அடித்துக்கொண்டிருந்த உறுமல் தள்ளிப்போய் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் முழு வேலையையும் செய்துகொண்டேன். கன்னப் பஞ்சு இரண்டையும் ஓர் அளவு தடிப்பானதாக மாற்றினார், 400 ரூபாய். வைசர் ரப்பர் காய்ந்து விறைத்துப் போயிருந்ததால் அதைப் புதிதாகப் போட்டார், 80 ரூபாய். தாடைக்குக் கீழே செருகிக்கொள்கிற தடித்த துணித் தடுப்பு ஒன்று 250 ரூபாய். கூலி 100. ஆக 830 ரூபாய்க்கு ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்புகிறது, விசில் அடியோடு நின்றுவிட்டது, உறுமல் குறைந்திருக்கிறது. எத்தனை டெசிபல் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் 80-ல் போகும்போது இண்டிகேட்டர் போடுகிற ‘டிக் டிக்’ ஒலி இப்போது என் காதில் விழுகிறது, முன்பு 50-க்கு மேல் அது கேட்டதே இல்லை.

அவர் செய்ய மறுத்ததையும் சொல்ல வேண்டும். என் தலை அளவுக்குப் பொருந்த, உச்சிப் பகுதியிலும் ஸ்பாஞ்சு வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார், கன்னத்தில் தடிப்பான பஞ்சு வைக்கலாம், உச்சியில் எதையாவது திணித்தால் விழும்போது தெர்மாகோல் தன் வேலையைச் செய்யாது, அடுத்த முறை சரியான அளவில் புதிதாக வாங்குங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். தாடைத் துணியை ரப்பர் சொல்யூஷன் வைத்து ஒட்டச் சொன்னதற்கும் மறுத்துவிட்டார். அந்தப் பசையில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த முத்திரையோடு வாங்கியதை இப்படிக் கெடுத்துக்கொள்ளாமல் காப்பாற்றித் தருகிற கடைக்காரர் கிடைப்பது எளிதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும், காதைக் காப்பதில் பெரும்பங்கு நான் ஆலையிலிருந்து எடுத்துவருகிற ஆரஞ்சு நிறக் காதடைப்பானுக்கே உரியது. நான் பயன்படுத்துவது 3எம் நிறுவனத்தின் 1100 வகை. அது 29 டெசிபல் குறைக்கும் என்பது ஆய்வகத்தில் அளந்த அளவு. நடைமுறையில் அதில் பாதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னது நியாஷின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாதி கிடைத்தாலும் ஹெல்மெட்டில் செய்த எந்த வேலையையும்விட அது அதிகம். ஆனால் அதைக் காதின் வாசலில் ஒட்டிவைத்துக்கொண்டு பயனில்லை என்று சொல்கிறவர்களை ஆலையிலேயே பார்க்கிறேன். விரல்களால் உருட்டிக் குச்சிபோல மெல்லியதாக்கி, மறு கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்துப் பிடித்து, அடைப்பானை உள்ளே நுழைத்து, அது விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரல் நுனியால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கைகள் சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ் பட்ட விரலால் உருட்டினால் காதில் புண் வரும். ஹாரன் கேட்குமா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. வேகத்தில் போகும்போது காற்றும் ஹாரனும் சேர்ந்தே குறைவதால் பின்னால் வருகிற லாரியின் ஹாரன் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. மூலக்கடை, மாதவரம் நெரிசலில் மெதுவாகப் போகிறபோது நான் அணிவதில்லை. செங்குன்றத்தில் ஒரு தேநீர்க் கடை ஓரமாக நிறுத்தி அணிந்துகொள்கிறேன்.

இந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு நான் வீணாக்கிய பணமும் உண்டு. இணையத்தில் வாங்கி வண்டியின் முகப்பில் பொருத்திய சிறிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி இரைச்சலை அதிகமாக்கிவிட்டது. நெஞ்சில் படவேண்டிய காற்றை அது தூக்கி, கலங்கிய நிலையில், நேராக என் தாடைக்குக் கீழே வீசியது. கழற்றிவிட்ட பிறகு, சீராக வந்து மோதுகிற காற்றின் ஒலி அதைவிடக் குறைவாக இருந்தது. உயரத்துக்கு ஏற்ற பெரிய கண்ணாடி சிலருக்கு உதவலாம்; அளவு பார்க்காமல் வாங்குவது வீண். இரைச்சலை மறைக்கக் காதில் பாட்டு போட்டுக்கொள்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 90 டெசிபல் காற்றுக்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமானால் அதைவிட உரக்க வைக்க வேண்டும். சுமை இரண்டும் ஒரே காதுக்கு.

ஒரு காசும் செலவில்லாத வழி வேகத்தைக் குறைப்பது. காற்றின் ஒலி வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறுகிறது. வேகம் இருமடங்கானால் ஒலி 15 முதல் 18 டெசிபல் வரை கூடும். 80-லிருந்து 65-க்கு இறங்கினால் ஏறத்தாழ 5 டெசிபல் குறைகிறது; என் முப்பது கிலோமீட்டருக்கு அதனால் ஆகிற தாமதம் ஐந்து நிமிடம். காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பப் பழகிவிட்டேன்.

கடையில் குறைகளும் இருக்கின்றன. தாடைத் துணியைப் போட்டுக்கொண்டால் உள்ளே காற்றோட்டம் குறைகிறது. மே மாத வெயிலில் புழல் சிக்னலில் நின்றபோது வியர்வை கண்ணில் இறங்கியது, மழை பெய்த ஒரு நாள் வைசர் உள்பக்கம் முழுவதும் ஆவி படிந்துவிட்டது. இதைப் பாய் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதைப் பையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் மட்டும் செருகுகிறேன், மழையில் செருகுவதே இல்லை. கன்னப் பஞ்சு எல்லா நிறுவனத்துக்கும் அவரிடம் அசல் கிடைக்காது. எனக்கு வைத்தது உள்ளூர்த் தயாரிப்பு, மூன்று மாதத்தில் சற்று அமுங்கிவிட்டது, அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கும். ரசீது தருவதில்லை. உட்கார இடமில்லை, கூட்டமாக இருந்தால் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். பாதி முகம் மூடுகிற ஹெல்மெட்டைக் கொண்டுபோனால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிடுவார். அவர்களுக்குக் காதடைப்பான் ஒன்றுதான் வழி.

வார நாட்களில் மாலை ஐந்து மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பாய் கடையில் இருப்பார். ஹெல்மெட்டோடு, விசில் எந்தப் பக்கம், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் வருகிறது என்பதையும் கவனித்துக்கொண்டு போங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்.