பாய்மரப் படகின் சைலன்சர் லைன்: மூன்று பருவம் ஓட்டிப் பார்த்ததில்

பாய்மரப் படகில் இன்ஜின் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். கரையை விட்டு விலகுவதற்கு, நங்கூரம் போடுவதற்கு, பாம்பன் தூக்குப்பாலம் திறக்கும்வரை காத்துக் கிடப்பதற்கு. லோடு இல்லாமல் ஓடும் டீசல் கரியைத்தான் கக்கும். புகையைக் குளிர்விக்க அதோடு கடல்நீர் கலக்கும் வளைகுழாயான எல்போவில் அந்தக் கரியும் உப்பும் சேர்ந்து கல்லாக இறுகிவிடும். கழற்றிப் பார்த்தால் 38 மி.மீ. துளையில் சுண்டுவிரல் நுழைகிற இடம்தான் மிச்சமிருக்கும்.

முதல் அறிகுறி கரும்புகை. அடுத்து, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் ஆர்.பி.எம். ஏறாது. இந்த நேரத்தில் இன்ஜெக்டரைக் கழற்றிச் செலவு செய்பவர்கள் அதிகம். முதலில் எல்போவைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடும் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்க நிற்கும், பட்டறைகளில் இடமே இருக்காது. மார்ச்சிலேயே முடித்துவிடுவது நல்லது.

வார்ப்பிரும்பு எல்போ என்றால் கரியை உளி வைத்துத் தட்டி எடுக்கலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் உப்பையும் துருவையும் கரைக்கும், கரியைத் தொடாது. ஸ்டெயின்லெஸ் எல்போவில் அந்த ஆசிட்டை ஊற்றவே கூடாது, உலோகத்தையே அரித்துவிடும். புதிதாகச் செய்வதானால் 316எல் ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். 304 சூடான உப்புநீரில் பொத்தல் விழும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. 316எல்-லும் வெல்டு ஓரத்தில்தான் முதலில் போகும். ஒரு வாயை அடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு வையுங்கள். ஊசித்துளை இருந்தால் வெளியே ஈரம் கசிந்திருக்கும்.

ஆனால் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்போவை விட வாட்டர்லாக்கைத்தான், அதாவது எல்போவுக்கு அடுத்து நீரைத் தேக்கும் பெட்டியைத்தான், முதலில் மாற்றச் சொல்வேன். இன்ஜினை நிறுத்தியதும் புகையையும் நீரையும் வெளியே கொண்டுபோகும் ஹோஸில் ஏறி நிற்கும் நீர் முழுவதும் அதற்குள் திரும்பி விழும். 51 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் பிடிக்கும். வாட்டர்லாக்கில் இருந்து ஹோஸின் உச்சி வளைவு வரை அளந்து கணக்குப் போடுங்கள். அந்த அளவுக்குக் கொள்ளளவு இல்லாவிட்டால் நீர் சிலிண்டருக்குள் போகும். உச்சி வளைவு நீர்மட்டத்துக்கு மேல் 40 செ.மீ. இருக்கட்டும். பாயில் ஓடும்போது இன்ஜின் நிற்கிறது, தள்ளிவிட வாயு இல்லை. பின்னால் இருந்து வரும் அலை நேராக உள்ளே ஏறும்.

எல்போவில் நீர் சேரும் இடம் நீர்மட்டத்தை ஒட்டியோ கீழேயோ இருந்தால் சைஃபன் வால்வு கட்டாயம்; அது காற்றை உள்ளே விட்டு, நின்ற இன்ஜினுக்குள் கடல்நீர் தானாக இழுக்கப்படுவதைத் தடுக்கும். படகு சாயும்போதும் தாழாமல் இருக்க அதை நடுக்கோட்டில் உயரமாக வையுங்கள். இந்த உப்புக் காற்றில் அதன் ரப்பர் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காற்று போக வேண்டும்.

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றாதீர்கள். பம்பு நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியே தள்ளப் புகை இருக்காது. கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், இன்ஜின் பிடித்த உடனே திறங்கள். தாமதித்தால் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் கருகும். ஒருமுறை நீர் நின்று சூடேறிய ஹோஸை நம்பவே வேண்டாம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து நாக்கு மாதிரி தொங்கி வழியை அடைக்கும். கட்டைவிரலால் அழுத்தி, நொறுங்கும் சத்தம் கேட்டால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கமாக.