ஸ்டாப்பர் போல்ட்டா, ஸ்டியரிங் பாக்ஸா: எதைத் தொடுவது?

பெங்களூரு யஷ்வந்த்பூர் லாரி டெர்மினல் பக்கம் நம் ஊர் வண்டிகளிலிருந்து இரண்டு விதமான புகார் வரும். நாமக்கல் லோடு வண்டி டிரைவர், "மண்டி கேட்டுல ஒரே மூச்சுல திரும்ப மாட்டேங்குது, இன்னும் கொஞ்சம் ஒடிக்க விடுங்கண்ணே" என்பார். இன்னொருவர், "ஃபுல்லா ஒடிச்சா டயர் ஸ்பிரிங் பட்டையில உரசுது, குறைச்சு விடுங்கண்ணே" என்பார். இரண்டுக்கும் கை முதலில் போவது ஸ்டாப்பர் போல்ட்டுக்குத்தான். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை இரண்டு சுற்று திருப்பினால் முடிந்தது கதை. முதல் வண்டிக்கு இது பாதி வேலை. இரண்டாவது வண்டிக்கு இது கெடுதல்.

பவர் ஸ்டியரிங் வண்டியில் ஒடிப்புக்கு எல்லை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, முன் ஆக்சிலில் முட்டி நிற்கும் ஸ்டாப்பர் போல்ட். மற்றது ஸ்டியரிங் பாக்ஸுக்குள், பிஸ்டன் கடைசிக்கு வரும்போது திறந்து ஆயில் அழுத்தத்தை வடியவிடும் பாப்பெட் வால்வு. வால்வு முதலில் திறக்க வேண்டும், போல்ட் அதற்குப் பிறகு முட்ட வேண்டும். வால்வு திறக்கும்போது போல்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர். இந்த வரிசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஒடிப்பைக் குறைக்க போல்ட்டை மட்டும் வெளியே நீட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். போல்ட் முட்டிய பிறகும் வால்வு மூடியே இருக்கும். பம்ப் முழு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் கொதிக்கும், ஓஸ் வெடிக்கலாம், சீல் போகும். அந்த விசை முழுவதும் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்டியரிங் ஆர்ம் மேல் விழும். லோடு வண்டியில் இவற்றில் ஒன்று வளைந்தாலோ விரிசல் விட்டாலோ என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் குறைக்கிற வேலையைப் பாக்ஸைத் தொடாமல் செய்யக் கூடாது என்கிறேன்.

ஒடிப்பைக் கூட்டும்போது இந்த ஆபத்து குறைவு. போல்ட்டை உள்ளே விட்டாலும், கையால் அமைக்கும் வால்வு பழைய இடத்திலேயே திறக்கும். அதற்கு மேல் ஸ்டியரிங் கனத்துவிடும். டிரைவர் கேட்ட வளைவு கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் அளவு மீறினால் போல்ட் முட்டும் முன்பே பிஸ்டன் பாக்ஸுக்குள்ளே போய் முட்டும். போல்ட்டையே கழற்றிவிடச் சொல்லும் டிரைவருக்குத் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

சரி, வால்வில் எது நல்லது? ஸ்குரூ வைத்துக் கையால் அமைக்கும் வகையில் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். ஆனால் அமைப்பவருக்குப் பொறுமை வேண்டும், பிரஷர் கேஜ் வேண்டும். தானாக அமையும் வகை, உதாரணமாக டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியின் டாஸ் வகை ஸ்டியரிங் பாக்ஸில் வருவது, கூட்டும்போது வசதி: புதிய எல்லை வரை ஒடித்தால் தானே நகர்ந்துகொள்ளும். குறைக்கும்போது தானாகத் திரும்பி வராது. ரீசெட் செய்தாக வேண்டும். கம்பெனி அளவு டயரிலேயே ஓடும் வண்டிக்குத் தானியங்கி போதும். டயர், டிஸ்க் (சக்கர ரிம்) அளவு அடிக்கடி மாறும் வண்டிக்கு நான் ஸ்குரூ வகையைத்தான் சொல்வேன்.

இரண்டிலும் முறை ஒன்றே. முதலில் டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), அப்புறம் டிராக் லிங்க். சக்கரம் நேராக இருக்கும்போது பாக்ஸும் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வால்வு சீக்கிரம் திறக்கும், மறுபக்கம் தாமதிக்கும். டிராக் லிங்கைத் திருகி ஒடிப்பைச் சரிசெய்வது இதனால்தான் தப்பு. அப்புறம் ஸ்டாப்பர் போல்ட்: டயர் போய் ஸ்பிரிங் பட்டை, டிராக் லிங்க், சேஸிஸ் எதிலும் படாத அளவுக்கு. கடைசியில் வால்வு.

சோதிக்க, ஆயில் சூடான பிறகு போல்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 3 மி.மீ. தகடு வைத்து, தகட்டுப் பக்கமிருந்து கையை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை ஃபுல்லாக ஒடியுங்கள். கேஜில் அழுத்தம் இறங்க வேண்டும். இறங்காமல் பம்ப் உறுமினால் சில நொடிகளுக்கு மேல் பிடிக்காமல் ஸ்டியரிங்கை விட்டுவிடுங்கள். இடது, வலது இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் சரியாக இருப்பதால் மறுபக்கமும் சரி என்று ஆகாது.